பாக்ஸான் பள்ளத்தாக்கின் வாசலில் ஒரு கபர்திய ஊர்

ரஷ்யாவின் காகசஸ் மலைப் பகுதியில் உள்ள நால்சிக்கில் மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் எப்படியும் ஒரு தடவை எல்ப்ரூஸ் மலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். பாக்ஸான் நகரத்தைத் தாண்டியதும் சாலை ஆற்றோடு சேர்ந்துகொண்டு மலைப் பக்கம் திரும்பும். புல் மூடிய மேடுகள் இரண்டு பக்கமும் நெருங்கி வரும் இடத்தில் நீளவாக்கில் ஒரு ஊர் வரும். உயரமான இரும்பு வாசற்கதவுகள், தலைக்கு மேலே போகும் எரிவாயுக் குழாய்கள், சாலை நடுவில் அசையாமல் நிற்கும் மாடுகள். வேன் வேகத்தைக் குறைக்கும், மாடு ஒதுங்கும், ஊர் பின்னால் போய்விடும். அந்த ஊர் ஸாயுகோவோ. பனிமலைக்குப் போகிற அவசரத்தில் யாரும் அங்கே இறங்குவதில்லை.

நான் படித்த காலத்தில் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா பிறந்த ஊர் அது. அவருடைய வயதான தாயாரும் தம்பி குடும்பமும் அங்கேதான் இருந்தார்கள். விடுமுறை வந்தால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், துக்கத்துக்குப் போயிருக்கிறேன், ஆப்பிள் பறிக்கும் நாளில் போயிருக்கிறேன். இப்போது அங்கே படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள்: "அக்கா, கபர்திய நண்பர் ஊருக்குக் கூப்பிடுகிறார். என்ன கொண்டுபோவது, எப்படி நடந்துகொள்வது?" அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆனால் எங்கே உட்கார வேண்டும், எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டால் அது வெறும் சட்டதிட்டமாகத் தெரியும். அந்த ஊர் எதையெல்லாம் கடந்து வந்தது என்று தெரிந்தால்தான், அங்கே ஒரு பெரியவர் உள்ளே வரும்போது அறையே ஏன் எழுந்து நிற்கிறது என்பது புரியும்.

முதலில் நிலம். நால்சிக்கைத் தலைநகராகக் கொண்ட கபார்தினோ-பால்காரியா ரஷ்யாவுக்குள் ஒரு சிறிய குடியரசு, சுமார் 12,500 சதுர கிலோமீட்டர். வடகிழக்கில் சமவெளி, தென்மேற்கில் 5,642 மீட்டர் உயர எல்ப்ரூஸ். இரண்டுக்கும் நடுவே மலைத்தொடர்கள் ஒன்றின் பின் ஒன்றாகப் படிப்படியாக ஏறுகின்றன. முதலில் காடு மூடிய தாழ்ந்த மலைகள், பிறகு மேய்ச்சல் மேடுகள், பிறகு செங்குத்துப் பாறைத் தொடர், கடைசியில் பனி. மால்கா, பாக்ஸான், செகெம், செரெக் என்று ஆறுகள் இவற்றை அறுத்துக்கொண்டு இறங்குகின்றன. சிர்காசிய மக்களில் ஒரு பிரிவான கபர்தியரின் ஊர்கள் பெரும்பாலும் சமவெளியிலும் இந்த ஆறுகள் மலையைவிட்டு வெளிவரும் வாய்களிலும் இருக்கின்றன. மேலே உள்ள பள்ளத்தாக்குகளில் துருக்கிய மொழி பேசும் பால்கார் மக்கள்.

அடிவாரத்தில் ஊர் அமைந்ததற்கு நல்ல காரணம் உண்டு. கீழே சோளமும் தானியமும் விளையும், மேலே கோடையில் புல் கிடைக்கும். குளிர்காலம் முழுக்கத் தொழுவத்தில் நின்ற மாடும் ஆடும் வசந்தம் முடிகிற சமயத்தில் மேட்டுக்குப் போகும், இலையுதிர் காலத்தில் இறங்கும். புகழ்பெற்ற கபர்தா குதிரையும் இந்த ஏற்ற இறக்கத்தில் உருவான இனம்தான். அதன் உறுதியான குளம்பும் மலைப்பாதையில் தடுமாறாத நடையும் பல தலைமுறை மலை மேய்ச்சலின் பலன். ஆக, மேட்டுப் புல் கைவிட்டுப்போனால் சமவெளி வயல் மட்டும் ஊரைக் காப்பாற்றாது. இங்கே நடந்த சண்டைகளில் பலவற்றுக்கு வேர் இது. 1913-இல் ஜோல் ஆற்றுப் பக்கத்துப் பொது மேய்ச்சல் நிலத்தைப் பெரிய குதிரைப் பண்ணைக்காரர்களுக்கு ஒதுக்கியபோது கபர்திய விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள்.

ஆற்றைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது. பாக்ஸான் பனிப்பாறை உருகி வரும் ஆறு. நம் ஊர் ஆறுகள் வற்றிக் கிடக்கும் கோடையில்தான் அது பெருகும். ஜூலை, ஆகஸ்டில் சாம்பல் நிறமாகக் கல்லை உருட்டிக்கொண்டு ஓடும். காலையில் கணுக்கால் அளவு ஓடிய கிளை, வெயில் ஏறி மாலையாகும்போது இடுப்பளவு வந்துவிடும். மேலே திர்னியாவுஸ் நகரத்தில் 2000 ஜூலையில் சேற்று வெள்ளம் அடுக்குமாடி வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைப் பறித்தது. 2017 செப்டம்பர் 1 அதிகாலை பாஷ்காரா பனிப்பாறை ஏரி உடைந்து மலைச்சாலையை அடித்துக்கொண்டு போனது. குளிக்க இறங்காதீர்கள். உள்ளூர்ப் பையன்கள் இறங்கினாலும் நீங்கள் இறங்காதீர்கள்.

ஊரின் பழைய பெயர் மூன்றாம் அதாஜுக்கினோ. அதாஜுக்கின் என்பது கபர்தியரின் நாடான பெரிய கபர்தாவை ஆண்ட நான்கு இளவரசக் குடும்பங்களில் ஒன்று. 1708-இல் கிரிமியக் கானின் படையைக் கான்ஜால் மலையில் தோற்கடித்த கூர்கோகோ அதாஜுக்கின் இந்தக் குடும்பத்தவர்தான். அந்த வெற்றியோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொருவர் ஜபாகி கசானோகோ. அறிவாலும் தீர்ப்புகளாலும் பெயர் பெற்றவர், இளவரசர்களுக்கு ஆலோசகராக இருந்தவர். அவருடைய நினைவு மண்டபம் ஸாயுகோவோ பக்கத்தில் இருக்கிறது. ஏதாவது வழக்கு என்றால் "ஜபாகி என்ன சொன்னார் தெரியுமா" என்று பெரியவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்துக்கு முன்பே அவர் அறிமுகம்.

ஊர்ப்பெயரில் எண் வந்த கதை வருத்தமானது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளைநோய் கபர்தாவின் மக்களில் பெரும்பகுதியைக் கொன்றது. அதன் மேல் ரஷ்யப் படையெடுப்பு. 1822-இல் தளபதி யெர்மோலோவ் ஆறுகள் மலையைவிட்டு வெளிவரும் இடங்களில் வரிசையாகக் கோட்டைகள் கட்டினார். நால்சிக்கும் பாக்ஸானும் அந்த வரிசையில் வந்தவை. மலைக்குள் போய்விட்டவர்களைச் சமவெளிக்கு இறங்கச் சொன்னார், மறுத்தவர்களின் ஊர்களைப் படை அழித்தது. மேட்டுக்கும் வயலுக்கும் நடுவே இருந்த வாசலையே பூட்டியது போல ஆனது. பிறகு 1860-களில் நிர்வாக வசதிக்காகச் சிற்றூர்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒரே குடும்பப் பெயரில் பல ஊர்கள் வந்ததால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டார்கள். 1864-இல் காகசஸ் போர் முடிந்தபோது சிர்காசிய மக்களில் மிகப் பெரும்பாலோர் ஒட்டோமான் பேரரசுக்குத் துரத்தப்பட்டார்கள். கபர்தாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 1920-இல் சோவியத் ஆட்சி இளவரசர் பெயர்களை ஊர்களிலிருந்து நீக்கியது. அப்படி வந்த பெயர்தான் ஸாயுகோவோ.

அடுத்து கூட்டுப்பண்ணை வந்தது. 1928-இல் பாக்ஸான் பகுதியில் தானியக் கொள்முதலை எதிர்த்து எழுந்தவர்கள் ஒடுக்கப்பட்டார்கள். ஆற்று நீரைக் கால்வாயில் திருப்பிக் கட்டிய பாக்ஸான் நீர்மின் நிலையம் 1936-இல் ஓடத் தொடங்கியது. 1942-இல் ஜெர்மன் படை வந்தபோது அது தகர்க்கப்பட்டது, போருக்குப் பின் எழுந்தது. 2010 ஜூலையில் தாக்குதலுக்கு உள்ளாகி, 2012 கடைசியில் மறுபடியும் எழுந்தது.

நிலம், பெயர், ஆட்கள் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொன்றைப் பறிகொடுத்த ஊர் இது. பறிக்க முடியாமல் நின்றது, ஒருவரோடு ஒருவர் நடந்துகொள்ளும் முறை. அதைத்தான் ஹாப்ஸெ என்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சடங்கு. அவர்களுக்கு அது வீடு, நிலம் போல ஒரு சொத்து. என் வீட்டுக்கார அம்மா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், நகரத்தில் கால் மேல் கால் போட்டுத் தொலைக்காட்சி பார்ப்பவர். ஊர் வாசலில் காலை வைத்ததும் வேறு ஆளாகிவிடுவார். முதுகு நிமிரும், குரல் தணியும், வயதில் மூத்தவர் உட்காரும்வரை நின்றுகொண்டிருப்பார். நடிப்பு துளியும் இல்லை. அங்கே அவர் ஒரு வீட்டின் மகள், அதற்குரிய இடத்தில் நிற்கிறார், அவ்வளவுதான்.

சரி, விருந்தாளியாகப் போகிறவர் செய்ய வேண்டியவை. வாசலில் எல்லோரும் காத்திருப்பார்கள். "யெப்லாகெ" என்று வரவேற்பார்கள். வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள், எட்டி நிற்கும் சின்னவருக்கு முதலில் கை கொடுக்காதீர்கள். ஆண்கள் ஆண்களோடு கைகுலுக்குவார்கள். எதிர்ப்பாலினம் என்றால் அவர்கள் கை நீட்டினால் மட்டும். பாட்டியை நானெ, தாத்தாவைத் தாதெ என்று கூப்பிட்டால் அந்த முகங்கள் மலர்வதைப் பார்க்க வேண்டும். நன்றி சொல்ல "உப்ஸவ்". மற்றது ரஷ்ய மொழியில் ஓடிவிடும். ஆனால் இந்த மூன்று நான்கு சொற்களைக் கபர்திய மொழியில் சொல்வதற்கு அங்கே தனி மதிப்பு. 2018 முதல் பள்ளியில் தாய்மொழிப் பாடம் கட்டாயம் இல்லை, பெற்றோர் விரும்பினால்தான். நகரத்துப் பேரப்பிள்ளைகள் ரஷ்ய மொழியிலேயே பதில் சொல்வது பெரியவர்களுக்கு உள்ளூர வலி. அப்படிப்பட்ட வீட்டில் எங்கிருந்தோ வந்த ஒரு பெண் "உப்ஸவ், நானெ" என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

உள்ளே போனால் கதவுக்குத் தள்ளி இருக்கும் இடம்தான் மரியாதைக்குரிய இடம். உங்களை அங்கே உட்காரச் சொல்வார்கள். கூச்சப்பட்டுக் கதவோரம் உட்கார்ந்தால் வீட்டாருக்குத்தான் சங்கடம். சொன்ன இடத்தில் உட்காருங்கள். ஆனால் மூத்தவர் எவர் உள்ளே வந்தாலும் எழுந்திருங்கள், அவர் பத்து தடவை வந்தால் பத்து தடவையும். தெருவில் பெரியவரோடு நடந்தால் அவருக்கு இடப்பக்கம் நடங்கள், அவருக்குக் குறுக்கே கடந்துபோகாதீர்கள். வீட்டில் ஒரு பொருளை அளவுக்கு மீறிப் புகழாதீர்கள், எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். "எதற்கு வந்தாய், எப்போது போவாய்" என்று உங்களை யாரும் கேட்க மாட்டார்கள், கேட்பது முறையில்லை. அதனால் எத்தனை நாள் இருப்பீர்கள் என்பதை நீங்களாகவே முதல் நாளே சொல்லிவிடுவது வீட்டுப் பெண்களுக்குப் பெரிய உதவி. அவர்கள்தானே சமைக்க வேண்டும்.

விருந்து மேசைக்குத் தலைவர் ஒருவர் இருப்பார், தாமாதெ. வயதும் பேச்சுத்திறனும் உள்ளவர். அவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, அவரிடம் சொல்லாமல் பாதியில் எழுந்து போகக் கூடாது. கபர்தியர் சுன்னி முஸ்லிம்கள். சில வீடுகளில் வோட்கா இருக்கும், தொழுகை தவறாத வீடுகளில் இருக்காது. குடிக்காதவர் "குடிப்பதில்லை" என்று முதலிலேயே அமைதியாகச் சொன்னால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். எனக்கு அந்த வீட்டு அடுப்படிதான் மிகவும் பிடித்த இடம். அவர்களுடைய பழைய முதன்மை உணவு பாஸ்தா. இத்தாலியப் பாஸ்தா இல்லை. பனிவரகை உப்பில்லாமல் வேகவைத்து, மரத்துடுப்பால் கிளறிக் கிளறிக் கெட்டியாக்கி, ஆறியதும் துண்டு போடுவார்கள். நம் களி மாதிரியேதான். ரொட்டிக்குப் பதில் அதைக் கையில் எடுத்துக் குழம்பில் தொட்டுச் சாப்பிட வேண்டும். கோழியைப் பாலேட்டில் வேகவைத்துப் பூண்டும் மிளகாயும் சேர்த்த கெத்லிப்ஜெ அதற்குச் சரியான துணை. இப்போது அரிசியிலும் சோளக்குருணையிலும் கூடச் செய்கிறார்கள், ஆனால் நானெ பனிவரகைத் தவிர எதையும் பாஸ்தா என்று ஒப்புக்கொள்ள மாட்டார். சைவக்காரர்கள் இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பாஸ்தா, வெண்மையான மிருதுவான பாலாடைக்கட்டி, தயிர், உருளைக்கிழங்கு, எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டமான லாகும் என்று வயிறு நிறைந்துவிடும். கடைசி நேரத்தில் சொன்னால், உங்களுக்காக அறுத்த ஆடு மேசையில் இருக்கும். அது இரண்டு பக்கமும் வருத்தம்.

டீயில் உப்பு இருக்கும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கல்மிக் டீ என்பார்கள். ஒருவகைக் காட்டுக்கீரைத் தண்டை நீண்ட நேரம் காய்ச்சி, பால் ஊற்றி, உப்பும் வெண்ணெயும் மிளகும் போடுவார்கள். குளிர்காலக் காலையில் லாகுமோடு அதைக் குடித்தால் மத்தியானம் வரை பசிக்காது. மருத்துவராக ஒரு வார்த்தை: இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிற நானெக்களும் தாதெக்களும் நாளுக்குப் பல கிண்ணம் இதைக் குடிக்கிறார்கள். பாதி உப்பில் போடச் சொல்லிப் பார்த்தேன், மருமகள் கேட்டுக்கொண்டார், நானெ கேட்கவில்லை. இன்னொன்று, இந்த மலையடிவாரம் அயோடின் குறைந்த மண். அங்கே படிக்கும் வருடங்களில் அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். கழுத்தில் வீக்கம் தெரிந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

மருமகள் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய. கணவன் வீட்டுப் பெரியவர்களை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மாமனார் முன்னால் உட்காருவதில்லை. எனக்கு இதில் சிலது நெருடியது, இப்போதும் நெருடுகிறது. ஆனால் அதே வீட்டில் மாமனார், மருமகள் அடுப்படியில் இருக்கிறாள் என்று தெரிந்தால் அந்தப் பக்கமே போகாமல் தோட்டத்தில் நின்றுகொண்டிருப்பார், அவள் வேலை முடிந்து சற்று உட்காரட்டும் என்று. கட்டுப்பாடு இரண்டு பக்கமும் இருக்கிறது, சுமை மட்டும் பெண்கள் பக்கம் கூடுதல். அடுப்படியில் உதவப் போகும் பெண்கள் இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களே எல்லாம் பேசுவார்கள்.

கல்யாணத்தில் மாப்பிள்ளையைத் தேடாதீர்கள். பழைய முறைப்படி அவர் ஒரு நண்பர் வீட்டில் ஒதுங்கியிருப்பார். பெண்ணைத்தான் முகத்திரையோடு மாமியார் அறைக்கு அழைத்து வருவார்கள். பாட்டும் கூச்சலும் வழி நெடுக, மேலே மிட்டாயும் காசும் தூவுவார்கள், ஆட்டுத்தோல் மேல் நடத்தி, தேனும் வெண்ணெயும் கலந்து உதட்டில் தடவுவார்கள். முற்றத்தில் ப்ஷினெ என்கிற அக்கார்டியனும் மரத்தட்டைகளும் முழங்க, ஜெகு என்கிற ஆட்டக் கூட்டம் தொடங்கும். கஃபா ஆட்டத்தில் ஆண் பெண்ணைத் தொடுவதில்லை. பெண் தரையில் வழுக்கிப்போவது போல நகர்வாள், பார்வை தாழ்ந்திருக்கும். உங்களை ஆடக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். சினிமா அடியெல்லாம் வேண்டாம், மெதுவாகக் கையை உயர்த்தி ஒரு சுற்று வந்தால் போதும், ஊரே கைதட்டும்.

துக்கத்துக்குப் போவதானால், ஆண்கள் முற்றத்தில் நின்றுகொண்டிருப்பார்கள், வருகிறவர்கள் கையேந்தித் துஆ செய்துவிட்டு வரிசையில் சேருவார்கள். பெண்கள் உள்ளே. தலைக்குத் துணி, நீளப் பாவாடை, குரல் தாழ்த்தி. சமையல், விறகு, நாற்காலி என்று எதையும் துக்க வீட்டார் தொடத் தேவையில்லை, தெரு முழுக்க வந்து செய்கிறது. வீடு கட்டினாலும் அப்படித்தான் ஆட்கள் வந்து சேர்கிறார்கள். இறந்தவர் நினைவாகப் பின்னாளிலும் லாகும் பொரித்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பார்கள். உங்கள் கையில் யாராவது சூடான லாகும் வைத்தால், எதற்கென்று கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச்சில் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஸாயுகோவோவுக்கு மேலே உள்ள கெந்தெலென் பால்கார் ஊர். பால்கார் மக்களை 1944 மார்ச் 8 அன்று ஒட்டுமொத்தமாக மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தினார்கள். 1957-இல்தான் திரும்ப முடிந்தது. கான்ஜால் போரின் 310-ஆம் ஆண்டுக்காக 2018-இல் போன கபர்தியக் குதிரை ஊர்வலம் கெந்தெலெனில் தடுக்கப்பட்டு, மோதலாகிவிட்டது. மேய்ச்சல் நிலம் யாருடையது, போர் நடந்ததா இல்லையா என்பது இரண்டு பக்கமும் ஆறாத புண். கேளுங்கள், கருத்துச் சொல்லாதீர்கள். 1864-இல் காகசஸ் போர் முடிந்த மே 21 சிர்காசியரின் துக்க நாள். அன்று நால்சிக்கில் மக்கள் உயிர்மரம் நினைவுச்சின்னத்தில் கூடுவார்கள். அந்த வாரத்தில் பிறந்தநாள் கொண்டாட்டம் எதையும் ஊர் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. 2011-க்குப் பிறகு சிரியாவிலிருந்து திரும்பி வந்த சிர்காசியக் குடும்பங்களும் குடியரசில் இருக்கின்றன. ஐந்தாறு தலைமுறைக்குப் பின் மூதாதையர் மண்ணுக்கு வந்தவர்கள். அவர்களிடம் அரபு கலந்த சிர்காசிய மொழி கேட்கலாம். அகதி முகாம், புலம்பெயர்வு என்று கேட்டே வளர்ந்த நம் வீடுகளில் இது உடனே புரியும்.

போக்குவரத்து எளிது. நால்சிக்கிலிருந்து மார்ஷ்ருத்கா வேன், ஒரு மணி நேரப் பயணம். சாயங்காலத்துக்கு மேல் வண்டி குறையும். பாஸ்போர்ட்டும் பதிவுச் சீட்டும் எப்போதும் பையில் இருக்கட்டும், சாலையில் சோதனைச் சாவடி உண்டு. ஸாயுகோவோவுக்கு அனுமதி எதுவும் வேண்டாம். ஆனால் மேலே ஜார்ஜிய எல்லையை ஒட்டிய இடங்களுக்கு வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி தேவை, முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மேட்டில் ஆட்டு மந்தையைப் பார்த்தால் படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள், காவல் நாய்கள் மேய்ப்பவர் சொன்னால் மட்டுமே நிற்கும். செப்டம்பர் நல்ல மாதம். கல்மழை வலை போர்த்திய தோப்புகளில் ஆப்பிள் பறிப்பார்கள், வானமும் தெளிந்திருக்கும். கையில் டீத்தூள், நல்ல இனிப்பு, நானெக்கு ஒரு தலைத்துணி. பூ வாங்கினால் ஒற்றைப்படையில் வாங்குங்கள், இரட்டைப்படை துக்கத்துக்கு.

கிளம்பும் நாளில் வண்டி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே "புறப்படுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். பாலாடைக்கட்டி, ஊறுகாய் பாட்டில், ஒரு பை ஆப்பிள், துணியில் சுற்றிய லாகும் எல்லாம் கட்டி முடிக்க அவ்வளவு நேரம் ஆகும். வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை, அதனால் போகும்போதே ஒரு காலிப் பை எடுத்துப் போங்கள். வாசல் வரை எல்லோரும் வருவார்கள். அறைக்கு வந்து சேர்ந்ததும் மறக்காமல் போன் பண்ணுங்கள், நீங்கள் கூப்பிடும்வரை அங்கே யாராவது தூங்காமல் இருப்பார்கள்.